அறியாமல் செய்த ஹிம்சை

ஓர் உயிருக்குத் தீங்கு செய்யவேண்டும் என்ற எண்ணம் அணுவளவும் இல்லாத ஒருவனுடைய கையால் அவ்வுயிர் துன்புற்று மடியுமானால், அந்தத் துன்பத்துக்கு அவன் பொறுப்பாளியா, அல்லனா என்ற கேள்வி நம் நாட்டுத் தத்துவ விசாரத்தில் மிகப் பழையது. எண்ணமே வினை என்றார்கள் பௌத்தர்கள். சேதனை என்று அவர்கள் பெயரிட்ட சங்கற்பம் எங்கே இல்லையோ அங்கே வினைக்கு வித்தும் இல்லை என்பது அவர்களுடைய கட்சி. சமணர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நீலகேசி என்னும் தமிழ்ச் சமண காவியத்தின் தலைவி பௌத்த ஆசிரியர்களைத் தேடிச் சென்று வாதிடும் இடங்களில், புலாலை உண்பவன் தான் கொல்லவில்லை என்று சொல்லி விலகிக்கொள்ள முடியுமா என்ற விவகாரம் பெருஞ்சூட்டோடு நடைபெறுவதை இன்றும் படிக்கலாம்.

ஆயினும் சமணருடைய கொள்கை, விளைவை மட்டும் பார்த்துக் குற்றம் விதிக்கும் கொள்கை என்று கருதிவிடலாகாது. தத்துவார்த்த சூத்திரம் இயற்றிய உமாசுவாதி, பிரமாதத்துக்கு ஆட்பட்ட மனம், வாக்கு, காயங்களின் செயலால் பிராணனைப் பிரிப்பதே ஹிம்சை என்று வரையறுத்தார். பிரமாதம் என்பது இங்கே கவனமின்மை, அசட்டை, விழிப்புத் தவறிய நிலை. வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் பேசும் குந்தகுந்த ஆசாரியர், பிரவசனசாரத்தில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், உயிர் செத்தாலும் பிழைத்தாலும் கவனமில்லாதவனுக்கு ஹிம்சை நிச்சயம் என்றும், கவனத்தோடு ஒழுகுகிறவனுக்கு, ஓர் உயிர் தற்செயலாக இறந்துபோன காரணத்தால் மட்டும் வினைக்கட்டு நேர்வதில்லை என்றும் கூறினார். எண்ணத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமலும், விளைவை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமலும், விழிப்பு என்ற ஒன்றை நடுவில் நிறுத்திய இந்தத் தீர்ப்பைப் போல் நேர்மையான தீர்ப்பை வேறு எந்தச் சாஸ்திரத்திலும் நான் கண்டதில்லை. ஆனால் அதிலும் ஒரு வினா மிஞ்சுகிறது. அறியாமை கவனமின்மையில் சேருமா? தனக்குத் தெரியவே தெரியாத ஒன்றைப் பற்றி ஒருவன் எப்படி விழிப்போடு இருக்க முடியும்?

இந்த வினாவை வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கும் மீன்தொட்டியை முன்னிட்டு ஆராய விரும்புகிறேன். விஷயம் சிறியது என்று யாரும் எண்ணவேண்டாம். ஹிம்சையின் இயல்பு, போர்க்களத்திலும் யாகசாலையிலும் தெரிவதைவிட, நாம் அன்பின் பேரால் அடைத்துவைத்திருக்கும் சின்னஞ்சிறு உயிர்களிடத்திலேதான் தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். ஏனெனில் பகையும் பேராசையும் வந்து கண்ணை மறைக்காத இடம் அது.

சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் வளர்ப்பையும் வியாபாரத்தையும் ஜீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்கள் மிகுதி. அங்கிருந்தும், இன்று சிற்றூர்களிலும் தோன்றிவிட்ட சிறு கடைகளிலிருந்தும், பாலிதீன் பைகளில் அடைபட்ட தங்கமீன்களும் மோலிகளும் கப்பிகளும் வீடுகளுக்குப் போய்ச் சேருகின்றன. தொட்டியை அன்றைக்கே வாங்கி, அன்றைக்கே கழுவி, குழாய்நீர் நிரப்பி, காற்று மோட்டாரை இணைத்து, அன்றைக்கே மீனையும் விட்டுவிடுகிற வழக்கம் எங்கும் இருக்கிறது. முதல் சில நாட்கள் குதூகலமாகக் கழிகின்றன. பிறகு ஒரு மீன் மூலையில் ஒதுங்குகிறது, துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது, செவுள் சிவக்கிறது, மறுநாள் மிதக்கிறது. வீட்டார் உண்மையாகவே வருந்துகிறார்கள். தண்ணீர் அத்தனை தெளிவாக இருந்ததே, வேளை தவறாமல் தீனி போட்டோமே, இது ஏன் நேர்ந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களுடைய துயரத்தில் பொய் இல்லை. அவர்கள் நெஞ்சில் கொலையெண்ணம் இல்லை. ஆயினும் அந்த மீனைக் கொன்றது அவர்கள் கட்டிக்கொடுத்த வீடுதான்.

உண்ணும் உணவிலுள்ள புரதம் உடம்பில் பயன்பட்டபின் எஞ்சும் நைட்ரஜனை, மனிதர்களாகிய நாம் யூரியாவாக மாற்றிக் கழிக்கிறோம். பறவைகள் யூரிக் அமிலமாக மாற்றிக் கழிக்கின்றன. மீன்களில் பெரும்பாலானவையோ அந்த மாற்றத்துக்கு அவசியமே இல்லாதவையாய், அம்மோனியாவாகவே, அதுவும் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியாகவே, மூச்சோடு மூச்சாக வெளியே விட்டுவிடுகின்றன. ஆற்றிலும் ஏரியிலும் இதனால் தோஷமில்லை. விடுகிற நஞ்சு எல்லையற்ற நீரில் கலந்து இல்லாமல் போகிறது. இயற்கை நீரின் விஸ்தீரணத்தை நம்பித்தான் மீனுக்கு அந்த உடலமைப்பைக் கொடுத்தது. நாற்பது லிட்டர் நீரை நான்கு கண்ணாடிகளுக்குள் அடைத்து, அதில் அந்த மீனை விடும்போது நாம் பறித்துக்கொள்வது அந்த விஸ்தீரணத்தைத்தான். தின்னாமல் கிடந்த தீனியும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. வெளியே அது மிகுந்துவிட்டால் உள்ளே இருப்பது வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் தங்கி, மூளைவரை சென்று தாக்குகிறது. அந்நிய சத்துரு எவரும் வரவில்லை. தன் மூச்சே தனக்கு நஞ்சாகிறது. அந்த நஞ்சுக்கு நிறமில்லை. மீனைக் கொல்லும் அளவில் நம் மூக்குக்கு எட்டும் வாடையும் இல்லை. தெளிந்த நீர் நல்ல நீர் என்று நம் கண் தரும் சாட்சியம் இங்கே செல்லாது.

இதனினும் வேதனையான ஒரு மயக்கம் உண்டு. செவுள் கெட்டு மூச்சுத் திணறும் மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பார்ப்பவர்கள், குழந்தைகள் மட்டுமல்லர் பெரியவர்களும், அதைப் பசி என்று எண்ணி இன்னொரு சிட்டிகை தீனி போடுகிறார்கள். அந்தத் தீனியும் அழுகி நஞ்சாகிறது. மீன் இன்னும் திணறுகிறது. இன்னும் தீனி விழுகிறது. கோயில் திருக்குளத்து மீன்களுக்குப் பொரி போடுவதைப் புண்ணியமாக அறிந்து வளர்ந்தவர்கள் நாம். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி முதல், 1867இல் வடலூரில் இராமலிங்க அடிகள் நிறுவிய சத்திய தருமச்சாலை வரை, பசியாற்றுதலையே ஜீவகாருண்யத்தின் தலையாய செயலாகப் போற்றிய மரபு நம்முடையது. அந்த மரபில் நான் ஒரு குறையும் காணவில்லை. ஆனால் அடிகளார் சொன்னது பசித்தவனுடைய பசியை அறிந்து ஆற்றும்படிதான். அறிதல் முதலில், ஆற்றுதல் பிறகு. திணறும் உயிரிடத்தில் பசியைக் காணும் கண், அவ்வுயிரைக் காணவில்லை. தன் வாய்க்கு எது துன்பமோ அதையே அதன் வாயிலும் கண்டது. பிற உயிரைத் தன்னுயிர்போல் நினைக்கவேண்டும் என்பது உண்மையாயினும், அவ்வுயிரின் உடம்பையும் தன் உடம்பாகவே நினைத்துவிட்டால் அங்கே கருணை வழி தவறுகிறது.

நல்லெண்ணத்தோடு விரைந்து செய்யும் காரியம் எவ்வாறு கொலையாக முடியும் என்பதற்கு இந்தத் தொட்டியில் இன்னொரு நிதரிசனம் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் உறைகிறது. ஒன்று, செவுளின் மென்தோலை எளிதில் கடந்து உள்ளே புகும் அம்மோனியா. மற்றொன்று, மின்னேற்றம் பெற்று, அவ்வளவு எளிதில் உட்புகாத, மிகக் குறைந்த தீமையே உடைய அம்மோனியம். எது எத்தனை பங்கு என்பதை நிர்ணயிப்பது நீரின் அமில கார நிலையைக் காட்டும் பி.எச். எண்ணும், ஓரளவுக்கு வெப்பமும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆனால் கொடிய வடிவம் நூற்றில் ஏறத்தாழ 0.6 பங்குதான், 8 ஆனால் 5 பங்கு, 9 ஆனால் 36 பங்கு. மீனுக்கு நாளடைவில் கேடு செய்ய அந்தக் கொடிய வடிவம் லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் அளவில் நின்றாலே போதும் என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள்.

மாதக்கணக்கில் நீர் மாற்றப்படாத தொட்டியில் அமிலத்தன்மை மெல்லமெல்ல ஏறுகிறது. அதனால் அங்கே அம்மோனியா மிகுந்திருந்தாலும் பெரும்பகுதி அம்மோனியமாகவே நின்று, மீன்கள் எப்படியோ உயிர் தரித்திருக்கின்றன. ஒருநாள் வீட்டுக்காரருக்கு மனம் இளகுகிறது. இந்த அழுக்கில் கிடக்கின்றனவே என்று இரங்கி, தொட்டி நீரில் பெரும்பகுதியை ஒரே மூச்சில் இறைத்துக் கொட்டிவிட்டு, ஆழ்குழாய்க் கிணற்றின் காரமான நீரை நிரப்புகிறார். மீந்திருந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி அக்கணமே கொடிய வடிவத்துக்கு மாறுகிறது. அத்தனை நாள் அசட்டையைத் தாங்கிய மீன், ஒரு மணி நேரத்து இரக்கத்தைத் தாங்காமல் போகிறது. கடையிலிருந்து பையில் நெடுந்தூரம் வந்த மீனுக்கும் இதே ஆபத்து உண்டு. மூடிய பையில் அது விடும் கரியமில வாயு நீரை அமிலமாக்கி, அதே பையில் சேரும் அம்மோனியாவின் கொடுமையை அடக்கிவைத்திருக்கிறது. பையை அவிழ்த்து நெடுநேரம் வைத்துவிட்டால் கரியமில வாயு பறந்துபோக, அடங்கியிருந்த விஷம் தலைதூக்குகிறது.

எண்ணமே வினை என்ற கட்சியை இங்கே நிறுத்திப் பார்க்கிறேன். அசட்டையாக இருந்தபோது அந்த மனிதருடைய எண்ணத்தில் இரக்கம் இல்லை, மீன் வாழ்ந்தது. இரக்கம் பிறந்தது, மீன் இறந்தது. எண்ணத்தைக்கொண்டு தீர்ப்புச் சொன்னால் அவர் புண்ணியம் செய்தவர். விளைவைக்கொண்டு சொன்னால் பாவி. குந்தகுந்தர் இரண்டையும் சொல்லமாட்டார். அந்த நீர் எத்தகையது என்று பார்த்தாயா, புது நீர் எத்தகையது என்று பார்த்தாயா என்று கேட்பார். மாதக்கணக்கில் பார்க்காமல் இருந்தபோதே, மீன் உயிரோடு இருந்த அந்த நாட்களிலேயே, ஹிம்சை நிகழ்ந்துவிட்டது என்பார். அதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

இனி, அறியவே முடியாதிருந்த காலத்து மனிதனை எண்ணிப் பார்ப்போம். லண்டன் மாநகரில் மருந்தாளர் சங்கத்தின் இரசாயன நிபுணராக இருந்த ராபர்ட் வாரிங்டன், கண்ணாடிக் கலம் ஒன்றில் இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் சேர்த்து வளர்த்து, அதன் விவரத்தை 1850இல் இரசாயனச் சங்கத்துக்கு எடுத்துரைத்தார். தாவரம் பிராணவாயுவைத் தருகிறது, மீன் கரியமில வாயுவைத் தருகிறது, ஒன்றையொன்று தாங்குகிறது என்பது அவருடைய சித்தாந்தம். ஆனால் அவர் சித்தாந்தத்தோடு நின்றுவிடவில்லை. நாளும் கவனித்தார், முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கலக்குவதைக் கண்டார், அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார், பிறகு நீரை மாற்றாமலே அந்தச் சிறு உலகம் நிலைபெற்றது. அம்மோனியாவின் கதை அவருக்கோ அவர் காலத்தில் வேறு எவருக்குமோ தெரியாது. அந்த நாட்களில் அவர் கையில் ஒரு மீன் மடிந்திருந்தாலும் அது ஹிம்சை ஆகாது என்று நான் துணிந்து சொல்வேன். ஏனெனில் அறியக்கூடியதை எல்லாம் அவர் அறிய முயன்றார். அறியாமை வேறு, அறிய மறுத்தல் வேறு.

1877இல் பாரிஸில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிறைந்த நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். ஏறத்தாழ இருபது நாட்கள் எதுவும் நிகழவில்லை. பிறகு வடிந்து வந்த நீரில் அம்மோனியா குறைந்து நைட்ரேட் தோன்றலாயிற்று. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றது. ஆவியை நீக்கிய பிறகு மண் கரைத்த நீரைச் சேர்த்ததும் மீண்டும் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள்தாம் இதைச் செய்கின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் ஆராய்ச்சிப் பண்ணையில் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து, அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குவது ஓர் உயிர், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது வேறோர் உயிர் என்று கண்டவர், முன் சொன்ன வாரிங்டனுடைய மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். தந்தையின் கண்ணாடிக் கலத்தில் மீன்களைக் காத்து நின்ற சக்திகளில் ஒன்றை, வயல் மண்ணை ஆராய்ந்த மகன் கண்டார். விஞ்ஞான சரித்திரத்தில் இதைப்போல் மனத்தை நெகிழ்விக்கும் பாரம்பரியத்தை நான் அதிகம் அறியேன். அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1890இல் ஜூரிக் நகரில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானிக்கு அது கிட்டியது.

வினோகிராட்ஸ்கி கண்டதில் தத்துவ மாணவனை நிறுத்தி யோசிக்கவைக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்த ஜீவன்களுக்கு வேறு ஜீவனின் உடல் உணவாகத் தேவையில்லை. அம்மோனியாவைப் பிராணவாயுவோடு சேர்ப்பதில் பிறக்கும் சக்தியைக்கொண்டு, கரியமில வாயுவிலிருந்தே தம் உடலைக் கட்டிக்கொள்கின்றன. தாவரத்துக்கு வேண்டிய சூரிய ஒளிகூட அவற்றுக்கு வேண்டாம். உயிர் உயிரைத் தின்றே வாழவேண்டும் என்பதை உலகத்தின் மாற்ற முடியாத விதி என்று எண்ணிக் கலங்கிய பெரியோர்கள் எத்தனையோ பேர். மற்றோர் உயிரின் கழிவையும் நஞ்சையுமே உண்டு, எதையும் கொல்லாமல் வாழும் ஜீவராசி ஒன்று காலடி மண்ணிலும் குளத்துக் கல்லிலும் ஆதிமுதல் இருந்துவருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமானால் எவ்வளவு ஆனந்தப்பட்டிருப்பார்கள்! இக்குலத்தின் வகைகள் இன்னும் கண்டு முடியவில்லை. 2005இல் அம்மோனியாவை உண்ணும் ஆர்க்கியா இனத்து உயிர் ஒன்று முதன்முதலாகத் தனியே வளர்க்கப்பட்டது. அது அமெரிக்காவில் சியாட்டில் மீன்காட்சிச்சாலையின் தொட்டி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டு படிகளையும் ஒரே உயிர் செய்துமுடிப்பதை 2015இல் இரண்டு குழுவினர் தனித்தனியே அறிவித்தார்கள். அவர்களில் நெதர்லாந்துக் குழுவினர் அதைக் கண்டது மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த வடிகட்டியில்.

மீன்தொட்டியின் தர்மம் முழுவதும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத குடிகளைச் சார்ந்தது. புதுத் தொட்டியில் அவை இல்லை. கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் அவை குடியேறிப் பெருகுவதற்குச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில்தான் மீன்கள் மடிகின்றன. குடியேறியபின் அவற்றை அழிப்பவர்களும் நாமே. வடிகட்டியின் பஞ்சு பழுப்பேறி வழவழப்பாவதைக் கண்டு, சுத்தம் செய்வதாக எண்ணி, அதைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்து வெளுத்துவிடுகிறோம். குழாய்நீரில் உள்ள குளோரினும் பிழிதலும் சேர்ந்து அவற்றைப் பெருவாரியாக அழித்துவிடுகின்றன. சில நாட்களில் தொட்டியில் அம்மோனியா ஏறுகிறது.

சமண இல்லறத்தாருக்கு நீரைத் துணியில் வடிகட்டி அருந்தும் நியமம் உண்டென்பது பலரும் அறிந்தது. அந்த நியமத்தின் பிற்பகுதியைப் பலர் அறியார். வடிகட்டிய துணியில் தங்கிய நுண்ணுயிர்களைக் கண்ட இடத்தில் உதறிவிடக்கூடாது. எந்தக் கிணற்றிலிருந்து நீர் மொண்டார்களோ அந்தக் கிணற்றுக்கே, துணியை வடிகட்டிய நீரால் மெல்ல அலசி, அவற்றைத் திருப்பிச் சேர்க்கவேண்டும். ஒரு நீரில் பிறந்தது மற்றொரு நீரில் பிழையாது என்பது அந்த நியமத்தின் கருத்து. நுண்நோக்கி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேரூன்றிய இந்த நீர்நெறியை மிகைப்பட்ட ஆசாரம் என்று நகைத்தவர்கள் உண்டு. இன்று தேர்ந்த மீன் வளர்ப்பாளர் ஒருவர், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரை வாளியில் வைத்துக்கொண்டு, பஞ்சை அந்த நீரிலேயே இரண்டு தடவை அமுக்கி, அடைப்பு நீங்கியதும் பழுப்பு நிறம் மாறாமலே திரும்ப மாட்டுகிறார். அவர் செய்வதும் அந்த நியமமும் ஒரே விழிப்பின் இரண்டு தோற்றங்கள். காணாத உயிரும் உயிரே என்று கருதியவனுக்கு அவ்வுயிரின் பயன் பிறகு தெரியவந்தது. பயனைக் கருதிக் காத்தவன் அவ்வுயிரின் இருப்பை மதிக்கலானான்.

அம்மோனியா ஏறிவிட்ட தொட்டியில் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல, நிதானத்தை வேண்டுபவை. அறியும் வழி இன்று எளிதாயிருக்கிறது: சோதனைக் குழாயில் சிறிது தொட்டி நீரை எடுத்து, கடையில் விற்கும் சோதனைத் திரவத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டால், மஞ்சளாக நின்றால் நலம், பச்சை படருமானால் அபாயம். பச்சை கண்டதும் முதலில் தீனியை நிறுத்தவேண்டும். நோயற்ற, வளர்ந்த மீனுக்கு இரண்டு மூன்று நாள் உபவாசம் ஒரு கெடுதியும் செய்யாது. அடியில் தங்கிய எச்சத்தை உறிஞ்சி அகற்றி, தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றி, மறுநாளும் அதன் மறுநாளும் அவ்வாறே செய்யவேண்டும். வார்க்கும் நீர் குளோரின் நீங்கியதாக, அதாவது ஒரு நாள் திறந்து வைத்ததாகவோ, புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று அறிந்த தயோசல்பேட் உப்பைச் சிறிதளவு கலந்ததாகவோ, அதோடு தொட்டியின் வெப்பத்தையும் பி.எச். நிலையையும் ஒட்டியதாகவும் பார்த்துக்கொள்வது அவசியம். காற்றோட்டம் மிகவேண்டும், மீனுக்கு மட்டுமல்ல, அந்த நுண்குடிகளுக்கும் பிராணவாயு வேண்டும். நீர் மிகவும் அமிலமாகி பி.எச். 6ஐ நெருங்கினால் அவை வேலையை ஏறத்தாழ நிறுத்திவிடுகின்றன. நீர்த்தாவரங்களும், நீரில் வேர்விட்ட மணிபிளாண்ட் கொடியும் ஓரளவுக்குத் துணை. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி இன்னொரு மீனை, சக்கர் மீனை, வாங்கி விடுவது அறவே வீண்; அதுவும் மூச்சுவிடும் பிராணிதானே, அதன் அம்மோனியாவும் அங்கேதான் சேரும். அம்மோனியா இறங்கியபின் நைட்ரைட் ஏறும் ஒரு பருவம் வரும். அதுவும் இரத்தத்தைக் கெடுக்கும் நஞ்சே, அதற்கும் இதே பொறுமையான நீர்மாற்றம்தான் வழி.

மனுநீதிச் சோழன் கதையை நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். திருவாரூர் வீதியில் இளவரசன் தேர் ஏறிக் கன்று இறந்ததையும், தாய்ப்பசு ஆராய்ச்சிமணியை அசைத்ததையும், அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டதையும். அரசனுடைய கண்டிப்பே பொதுவாகப் பேசப்படுகிறது. பெரிய புராணத்தில் சேக்கிழார் அமைத்திருக்கும் விவாதத்தை ஊன்றிப் பார்த்தால் நம்முடைய கேள்விதான் அங்கே விசாரிக்கப்படுகிறது. கன்று தானே துள்ளி வந்து விழுந்தது என்பதும், அதற்குச் சாஸ்திரம் விதித்த பிராயச்சித்தம் இருக்கிறதென்பதும் அமைச்சர்கள் பக்கத்து வாதம். அரசன் அதை ஏற்கவில்லை. உயிர்களைக் காப்பவன் எனப் பெயர்பெற்றவன் அவ்வுயிர்களுக்கு ஐந்து வகையாக வரும் அச்சத்தைத் தீர்க்கவேண்டும் என்கிறான்: தன்னால், தன் பரிவாரத்தால், பகைவரால், கள்வரால், பிற உயிர்களால். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது தன்னால் வரும் அச்சம். காவலனே முதல் அபாயம் என்று உணர்ந்த காவலனைத்தான் சேக்கிழார் காவலன் என்று ஏற்கிறார்.

வழியில் போகிறவன் காலடியில் எறும்பு நசுங்குவதற்கும், தொட்டிக்குள் மீன் மூச்சுமுட்டி இறப்பதற்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. எறும்புக்கு நான் காவலன் அல்லன். அதன் உலகத்தை நான் அமைக்கவில்லை. தொட்டி மீனுக்கு மழை நான், வெள்ளம் நான், காற்று நான், கோடை நான். அது தப்பி ஓட இடமில்லாதபடி நான்கு பக்கமும் அடைத்தவனும் நானே. இயற்கை பார்த்துக்கொண்ட அத்தனை காரியங்களையும் நான் என் கைக்கு எடுத்துக்கொண்ட பிறகு, அவற்றில் ஒன்று எனக்குத் தெரியாது என்று சொல்வது சமாதானம் ஆகாது. தெரிந்துகொள்ளாமல் ஏன் எடுத்தாய் என்ற கேள்வி எழுந்துவிடும். 1850இல் வாழ்ந்த வாரிங்டனுக்கு அந்தக் கேள்வி இல்லை, எனக்கு உண்டு. இடையில் மனித குலம் கற்றுக்கொண்டிருக்கிறது. அறிவு பெருகுந்தோறும் அறியாமையின் நிழலில் ஒதுங்கி நிற்கும் உரிமை குறுகுகிறது. பௌத்தர்களுக்கும் சமணர்களுக்கும் நடந்த வாதத்தில் என் மனம் சமணர் பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம். அறியமுடிந்ததை அறியாமல் விடுவதையே நான் பிரமாதம் என்று கொள்கிறேன்.

அப்படியானால் மீனை வளர்க்காமலே இருப்பதுதானே உத்தமம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அடைத்துவைப்பதே குற்றம் என்று கருதி ஒருவர் விலகுவாரானால் அவரை நான் வணங்குவேன். ஆனால் ஏற்கெனவே அடைபட்ட மீனை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுவது அஹிம்சை என்று அவர் எண்ணிவிடக்கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து தொட்டிகளுக்காக வந்த சக்கர் மீன், அவ்வாறு விடப்பட்டும் தப்பியும் இன்று நம் ஏரிகளில் பெருகி, நாட்டு மீன்களின் வாழ்வைக் கெடுத்து, மீனவருடைய வலையையும் கிழித்துக்கொண்டிருக்கிறது. எடுத்த பொறுப்பை இறக்கிவைக்கும் இடம் அது அல்ல. அந்த மீன் தன் ஆயுள் உள்ளவரை தொட்டியில் நல்ல நீரில் வாழவேண்டும். அதன்பின் வேறு வாங்காமல் இருக்கலாம்.

வளர்க்க விரும்புகிறவர்களுக்கும் அவர்களுக்கு விற்கிறவர்களுக்கும் என்னுடைய விண்ணப்பம் ஒன்று. தொட்டியை முதலில் வாங்கி, நீர் நிரப்பி, மோட்டாரையும் வடிகட்டியையும் ஓடவிட்டு, நன்றாக நடக்கும் வேறொரு தொட்டியிலிருந்து பழைய பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி அதில் சேர்த்து, நாளும் ஒரு சிட்டிகை தீனியை மட்டும் மீனில்லாத நீரில் இட்டு, அது அழுகித் தரும் அம்மோனியாவில் நுண்குடிகள் பெருகும்படி விட்டு, சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் இல்லை என்று கண்ட பிறகு மீனை விடவேண்டும். ஒரு மாதம் கழித்து வாருங்கள், இன்றைக்குத் தொட்டி மட்டும் போதும் என்று கடைக்காரர் சொல்லவேண்டும். அன்றைய வியாபாரத்தில் சில ரூபாய் குறைந்தாலும் சொல்லவேண்டும். குழந்தை அழுதாலும் பெற்றோர் அந்த ஒரு மாதத்தைக் காக்கவேண்டும். வெறும் நீராகத் தோன்றும் அந்தத் தொட்டியில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அந்தக் குழந்தைக்கு நாளும் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல காலம் கிடைக்காது.